‘வெளு’வுக்கு வந்த வாக்கியம்

மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. தூறல், சாரல் என்ற மரியாதையெல்லாம் கிடையாது... எடுத்த எடுப்பிலேயே வெளுத்து வாங்கியது. கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடிய அவள், கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் நுழைந்து, கைக்கு எட்டிய முதல் மேசையில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

“ஐயையோ... அதுல சாயாதீங்க!”

நிமிர்ந்தாள். முதலில் தெரிந்தவை இரண்டு கண்கள். உதடு சிரிப்பதற்கு முன் தாமே சிரித்துவிடுகிற அவசரக் கண்கள். அப்புறம் முழங்கை வரை சுருட்டிவிட்ட சட்டை... நுனி மட்டும் நீலமாக இருந்த பத்து விரல்கள்.

“ஏன் சாயக் கூடாது? மேசைதானே?”

“மேசைதாங்க. ஆனா இப்பத்தான் அதுல பிளீச்சிங் தண்ணி சிந்துச்சு. தொடைக்கத் துணி எடுக்கப் போனேன்... அதுக்குள்ள நீங்க உங்க கோட்டாலயே தொடச்சுட்டீங்க.”

பதறிப்போய் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். போன மாதம் ஆசையாக வாங்கிய கருநீலக் கோட். அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது செம்மண் நிறமாகி, சாவகாசமாக வெளிறிக்கொண்டிருந்தது.

“என் கோட்டை வெளுத்துட்டீங்களே!”

“இதுக்குப் பேரு வெளுக்கறது இல்லைங்க. கெடுக்கறது. வெளுக்கறது வேற.”

தப்பையும் செய்துவிட்டுப் பாடம் வேறு எடுக்கிறானே! அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“எனக்கேவா சொல்லித் தர்றீங்க? வெளுன்னா வெள்ளையாக்கறது. அகராதியில அப்படித்தான் இருக்கு.”

“அப்ப அகராதி தப்பு. எழுதின ஆளு ஒரு நாளாவது துணிய நனைச்சிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டான்.”

“எழுதினவன் இல்ல... எழுதிக்கிட்டு இருக்கிறவ. அது நான்தான்.”

உண்மைதான். அடுத்த தெருவில், மூன்றாவது மாடியில் அகராதி அலுவலகம். பழைய அகராதியைத் திருத்திப் புதுப் பதிப்பு கொண்டுவருகிறார்கள். ஆறு வருஷமாக அ, ஆ என்று நகர்ந்து நகர்ந்து இப்போதுதான் ‘வெ’யில் வந்து நிற்கிறார்கள். அன்று காலை அவள் மேசையில் விரித்துவைத்துவிட்டு வந்த சொல்லே ‘வெளு’தான். இந்த ஊரில் இத்தனை கதவு இருக்க, அவள் நுழைந்த கதவோ சலவைக்கூடத்தின் கதவு!

மூட்டை மூட்டையாகக் கிடந்த விடுதிப் படுக்கை விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் தலை எட்டிப் பார்த்தது. அவனுடைய அக்கா. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தச் சலவைக்கூடத்தை நடத்துகிறார்கள்.

“டேய் நீலம்! என்னடா சத்தம்? அந்தப் பொண்ணு அகராதி புடிச்சவளா இருக்கும் போல?”

“ஆமாக்கா... வேலையே அதுதானாம்!”

சிரிக்கக் கூடாது என்று அவள் எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை. பொங்கி வந்த சிரிப்பை அடக்கப் போய் இருமல் வந்து, அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து... சண்டை எங்கே போனது என்றே தெரியவில்லை.

“சரி, சொல்லுங்க. வெள்ளையாக்கறது இல்லன்னா, பின்ன வெளுக்கறதுன்னா என்ன?”

அவன் தொட்டியிலிருந்து ஈரத் துணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“வெள்ளைய யாராலயும் ஆக்க முடியாதுங்க. அது துணிக்குள்ளயே இருக்கு. மேல ஏறின நிறத்தை, கறையை எடுக்கத்தான் நம்மால முடியும். எடுக்கறதுதான் வெளுக்கறது. பாருங்க, இது வெளுத்தாச்சு. ஆனா வெள்ளையாவா இருக்கு?”

உற்றுப் பார்த்தாள். இல்லை. லேசாக மஞ்சள் தட்டியிருந்தது.

“இதுக்கு மேல நீலத்துல முக்கினாத்தான் கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும். அதான் என் விரல் இந்த லட்சணத்துல இருக்கு. அக்கா வெச்ச பேரும் அதான். இன்னொண்ணு... வெளுக்கறதுல கஷ்டமே எப்ப நிறுத்தணும்கிறதுதான். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் விட்டோம்னா துணி இத்துப் போயிடும். அப்புறம் வெள்ளையும் இல்ல, துணியும் இல்ல.”

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆறு வருஷத்தில் எத்தனையோ சொற்களைப் பார்த்தவள்... ஒரு சொல் இப்படிச் சொட்டச் சொட்ட ஈரத்தோடு எதிரே வந்து நின்றதில்லை. கைப்பைக்குள் துழாவி அட்டை ஒன்றை எடுத்தாள். உள்ளங்கை அளவு அட்டை. அவள் வேலையே அந்த அட்டைகள்தான். யார் எந்தச் சொல்லை எப்படிப் பேசினார்கள் என்று, கேட்டது கேட்டபடி எழுதி, கீழே பேசியவரின் தொழிலையும் தேதியையும் போட்டு, அலுவலகப் பெட்டியில் சேர்க்க வேண்டும்.

“மறுபடி சொல்லுங்க. மெதுவா...”

அவன் மறுபடி சொன்னான். மெதுவாக. அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, கன்னத்தில் ஒட்டிக்கிடந்த ஈர முடியைப் பார்த்துக்கொண்டே, இன்னும் மெதுவாக...

“கோட்டைக் குடுத்துட்டுப் போங்க. கறுப்புச் சாயம் ஏத்தித் தர்றேன். ஒரு வாரம் ஆகும்,” என்றான் கடைசியில். சாயம் ஏற்ற அரை நாள் போதும் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மதிய இடைவேளை வந்தால் அவள் கால்கள் தாமாகவே அந்தத் தெருவுக்குத் திரும்பின. கோட் வந்த பிறகும் திரும்பின. போகும்போதெல்லாம் அட்டை நிரம்பியது. அந்தக் கூடத்தில்தான் ‘வெளு’வுக்கு எத்தனை வேலை! “கிழக்கு வெளுக்கறதுக்குள்ள எந்திரிச்சுட்டேன், அப்பவும் வேலை முடியல,” என்று அக்கா அலுத்துக்கொண்டாள். பெரிய இடத்துச் சம்பந்தம் என்று பீற்றிக்கொண்ட விடுதி மேலாளரைப் பற்றி, “சாயம் வெளுத்துப் போச்சுங்க!” என்று அவன் கண்ணடித்தான். பயந்தவன் முகம் வெளுத்தது... மழை வெளுத்தது... அவள் எல்லாவற்றையும் எழுதினாள்.

எழுதியபோது அவன் பார்த்தான். அவன் பார்க்கிறான் என்று தெரிந்ததால் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

ஒருநாள் அவள் படியிறங்கிப் போனதும் அக்கா தம்பியை மடக்கினாள்.

“டேய், நீ வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பற ஆளு. அதனால கேக்கறேன். அந்தப் பொண்ணு வர்றது உனக்காகவா, சொல்லுக்காகவா?”

அவன் நீலத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பதில் தெரிந்தால்தானே சொல்ல?

அடுத்து வந்த இரண்டு நாளும் அவள் வரவில்லை. சாதாரணத் தலைவலி, காய்ச்சல். ஆனால் அது அவனுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் அவள் கதவருகே வந்து நின்றபோது, அவன் தொட்டியில் விட்ட கையை எடுக்கக்கூட மறந்து அப்படியே பார்த்தான்.

“என்ன... அப்படிப் பாக்கறீங்க?”

“நீங்க வராத அன்னைக்கு... எவ்வளவு வெளுத்தாலும் ஒரு துணிகூட எனக்கு வெள்ளையாத் தெரியல.”

யோசித்துச் சொன்னது அல்ல. சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டு நின்றான்.

ஏதாவது சொல்லடி பெண்ணே... ஒரே ஒரு சொல்! ஆறு வருஷமாகச் சொற்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கை மட்டும் நடுங்கியது. நடுங்கிய கை பழக்க தோஷத்தில் பேனாவைத் தேடியது. குனிந்து, கேட்டதை அப்படியே எழுதினாள். கீழே ‘சலவைத் தொழில், ஆண்’ என்று எழுதித் தேதியும் போட்டாள். பிறகு நிமிர்ந்து, “நா... நாளைக்கு வரேன்,” என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள்.

அந்த அட்டையை அன்றைக்கு எத்தனை தடவை படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. மற்ற அட்டைகளைச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டபோது அதைத் தனியாக எடுத்துக் கட்டின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றுதான்.

விதி, பதிப்பாசிரியர் அம்மா உருவத்தில் வந்தது. “‘வெ’ முழுக்க இன்னைக்கே அச்சுக்குப் போகணும்! ‘வெளு’ எங்க? இதானா?” என்று கட்டையும் அதன் மேல் இருந்ததையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவளோ அப்போது தொலைபேசியில் அச்சகத்தாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அட்டை பைக்குள் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டாள்; தேடிப் பார்க்கவும் நேரமில்லை. ‘நாளைக்கு வரேன்’ என்ற வாக்கும் போயிற்று. மூன்று நாள் பக்கம் பக்கமாகத் திருத்தம். இடையிடையே அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலையும் மனத்துக்குள் எழுதினாள்... எழுதினதை அடித்தாள்... மாற்றினாள். நூறு முறை திருத்திய பிறகு பதிலில் மிஞ்சியது ஒரு முற்றுப்புள்ளி மட்டும்தான்.

நான்காம் நாள் காலை மாதிரிப் பக்கம் அச்சாகி வந்தது. அவள் கண் நேரே ‘வெளு’வுக்குப் பாய்ந்தது. ‘(துணி முதலியவற்றிலிருந்து) நிறத்தையோ கறையையோ நீங்கச்செய்தல்.’ ஐயோ! அவன் சொன்னதேதான்! அவன் சொல்லி, அவள் எழுதி, அகராதியே திருந்திவிட்டது! அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் படபடவென்று இறங்கி ஓடினாள். பிழை திருத்துகிறவள் ஆயுசில் செய்யக் கூடாத காரியம் அது.

சலவைக்கூடத்து முகப்பில் விடுதி ஆட்கள் இரண்டு பேர் மூட்டைக்காக நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் விளக்குப் போட்டது போல் இருந்தது.

“அக்கா, பாருங்க! உங்க தம்பி சொன்ன அர்த்தம் அச்சுல வந்துடுச்சு!” என்று தாளை நீட்டினாள்.

“குடு, குடு... என் தம்பி அகராதியிலயா!” அக்கா தாளைப் பறித்து, நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தாள். “வெளு... நிறத்தையோ கறையையோ... அட, பலே! கீழ உதாரணம் வேற போட்டிருக்கே. ‘நீங்க வராத அன்னைக்கு எவ்வளவு வெளுத்தாலும் ஒரு துணிகூட எனக்கு வெள்ளையாத் தெரியல.’ பக்கத்துல என்ன... ‘பேச்சு வழக்கு. சலவைத் தொழில், ஆண்.’”

விடுதி ஆட்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். “யாருப்பா அது வராதது?”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாளை மடித்தாள். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“நான் அதை உங்ககிட்ட சொன்னேன்,” என்றான். குரலை உயர்த்தவே இல்லை. “மூணு நாளா பதில் வரும்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். பதில் அச்சுல வந்திருக்கு.”

“இல்ல... அந்த அட்டை தெரியாம...”

“பரவாயில்லைங்க. உங்களுக்கு ஒரு நல்ல வாக்கியம் வேணும். கிடைச்சுடுச்சு. ‘வெளு’ முடிஞ்சுதுல்ல? இனிமே நீங்க இங்க வர வேண்டிய அவசியமும் இல்ல.”

அவன் உள்ளே போய்விட்டான். அவளுக்கு ஒரு பக்கம் அழுகை, இன்னொரு பக்கம் ரோஷம். நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? போனால் போகட்டும்... போகட்டுமா? தெருமுனை வரை ரோஷம் தாங்கியது. அதற்கு மேல் தாங்கவில்லை.

அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தவள் நேரே பதிப்பாசிரியர் அம்மாவின் மேசை முன்னால் நின்றாள்.

“மேடம், ‘வெளு’வுல அந்த உதாரணத்தை எடுக்கணும்.”

“எதை? அந்தத் துணி வெள்ளையாத் தெரியலங்கிறதையா? புத்தகத்துலயே அதுதான்மா நல்ல வாக்கியம். அர்த்தமும் தெரியுது, ஆளும் தெரியறான். நாலு மணிக்குப் பக்கத்தை மூடறோம், போ போ.”

“அது பெட்டிக்கு வந்தது இல்ல மேடம்... எனக்கு வந்தது. தப்பா உள்ள வந்துடுச்சு.”

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இரண்டு கண்கள் அவளை அளந்தன.

“ஓஹோ... அதான் ஒரு சொல்லுக்கு எட்டு அட்டை போதும்கிற இடத்துல முப்பத்தொண்ணு எழுதி வெச்சிருக்கியா? நான்கூடச் சலவையில உனக்கு இவ்வளவு ஆர்வமான்னு நெனச்சேன்.” சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார். “நீயே அடி. வேற ஒண்ணு போடு.”

அவள் அடித்தாள். அந்த இடத்தில் ‘விடுதியின் விரிப்புகளை வெளுத்து அனுப்பினார்கள்’ என்று எழுதினாள்.

“உப்புச்சப்பில்லாத வாக்கியம்,” என்றார் பதிப்பாசிரியர் அம்மா.

“இருக்கட்டும் மேடம்.”

“எனக்கென்ன, இருக்கட்டும். அந்தப் பையனுக்குப் பதில் சொன்னியா?”

“இன்னும் இல்ல மேடம்.”

“அப்ப இங்க எதுக்கு நிக்கறே?”

வெளியே மழை மறுபடி ஆரம்பித்திருந்தது. குடை எடுக்கவில்லை, பை எடுக்கவில்லை. அட்டை, பேனா ஒன்றும் எடுக்கவில்லை. நனைந்தபடியே ஓடினாள். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் காலே பின்தங்கிவிட்டது.

கூடத்தில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று பெரிய விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவளைப் பார்த்தான்... பார்க்காதது போல் விரிப்பைப் பார்த்தான். அக்கா ஒரு கணம் யோசித்தாள்.

“எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு. இந்தாம்மா, கையத் தொடச்சுக்கிட்டு இதைப் பிடி,” என்று தன் பக்கத்து மூலைகளை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

இருவருக்கும் நடுவில் ஒரு விரிப்பு நீளம் தூரம்.

“இழுத்துப் பிடிங்க. சுருக்கம் விழுது,” என்றான் அவன், விரிப்பிடம் பேசுவது போல.

இழுத்துப் பிடித்தாள். பாதியாக மடித்தார்கள்.

“அந்த வாக்கியத்தை எடுத்துட்டேன். புத்தகத்துல வராது.”

“சரி.”

“அதைப் பெட்டியில போடறதுக்காக நான் எழுதல.”

“பின்ன எதுக்கு எழுதினீங்க? ஒருத்தன் மனசு விட்டுப் பேசறப்ப யாராவது குனிஞ்சு எழுதுவாங்களா?”

“கை நடுங்குச்சு. பேனா பிடிச்சா நடுங்காது. அதான்... எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்.”

அவன் கைகள் சற்று நின்றன. இன்னொரு மடிப்பு. விரிப்பு இப்போது ஒல்லியாகிவிட்டது.

“மூணு நாளா ஏன் வரல?”

“பதில் எழுதிக்கிட்டிருந்தேன். எழுதி எழுதி அடிச்சேன். எதுவும் சரியா வரல.”

“அடிச்சதுல ஒண்ணைச் சொல்லுங்க பாப்போம்.”

அவள் தொண்டையைச் செருமினாள். “உங்க நெனப்பு... எந்தத் தண்ணியிலயும் வெளுக்காத சாயம்...”

“அப்படி ஒரு சாயமே கிடையாதுங்க. எங்க தொட்டியில ஒரு நாள் வெச்சுப் பாருங்க, தெரியும்.” கண்கள் மட்டும் லேசாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தன. “துருக்கறை வேணா உண்டு. பிளீச்சிங் போட்டா இன்னும் அழுத்தமா உக்காந்துக்கும்.”

“அதுக்காக உங்களைத் துருன்னா சொல்றது?”

“நீங்கதான் சொல்லுக்காரங்க. நான் வெறும் சலவைத் தொழில், ஆண்.”

வலித்தது. வலிக்கட்டும் என்று வாங்கிக்கொண்டாள். அடுத்த மடிப்புக்கு அவள்தான் நடந்துவர வேண்டும். தன் மூலைகளைக் கொண்டுபோய் அவன் கையில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு அடியாக வந்தாள். ஈர முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

“நான் சொல்லுக்காகத்தான் வந்தேன்,” என்றாள். “முதல் ரெண்டு நாள். ஒரு சொல்லுக்கு எட்டு அட்டை போதும். நான் முப்பத்தொண்ணு எழுதினேன். மீதி இருபத்திமூணும் எதுக்குன்னு நெனச்சீங்க?”

அவன் விரிப்பிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவ்வளவுதான். திருத்தம் இல்லாமல், அடித்தல் இல்லாமல், மூச்சு மாதிரி வெளியே வந்துவிட்டது. மழைச் சத்தம்கூட ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்றாற்போல் இருந்தது.

“அதுல ‘வெளு’ வரலையே?” என்றான் அவன்.

“வர வேண்டாம். இது அகராதிக்கு இல்ல. உங்களுக்கு மட்டும்.”

நீல விரல்கள் விரிப்பின் மூலைகளை வாங்கிக்கொண்டன. மூலைகளோடு அவள் விரல்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டன. அப்புறம் விடவில்லை.

“இன்னொரு தடவ சொல்லு.”

சொல்லுங்க இல்லை... சொல்லு! அவள் கவனித்துவிட்டாள். முகம் குப்பென்று சிவந்தது.

“பிடிச்சிருக்கு. ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு.”

“டேய்!” உள்ளேயிருந்து அக்காவின் குரல். “இன்னும் அறுபது விரிப்பு கிடக்கு! பேசறதை மடிச்சுக்கிட்டே பேசுங்க!”

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் யாரும் நகரவில்லை.

“இப்ப நீ சொல்லு,” என்றாள் அவள், தலை குனிந்துகொண்டு. ‘நீ’ என்று சொன்னது தானா என்று அவளுக்கே ஆச்சரியம்.

“நான்தான் அன்னைக்கே சொல்லிட்டேனே?”

“அது அச்சடிச்ச தாளுக்குப் போயிடுச்சு. எனக்குப் புதுசா வேணும்.”

அவன் அவள் காதருகே குனிந்து சொன்னான். அதை அவள் எந்த அட்டையிலும் எழுதவில்லை.